78 அல்காரிதம் மனப்பாடம் செய்தால்தான் கியூபில் வேகம் வருமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ரூபிக்ஸ் கியூபை லேயர் முறையில் (அடுக்கடுக்காக) முடிக்க 1 நிமிடம் 20 விநாடி ஆகிறது. ஆறு மாதமாக அதே நேரம்தான். 30 விநாடிக்குள் வர 78 அல்காரிதம் (ஒவ்வொரு நிலைக்கும் உரிய திருப்பல் வரிசை) மனப்பாடம் செய்ய வேண்டும் என்கிறார்கள். விலை கூடிய காந்த கியூப் வாங்கினால் வேகம் வருமா?

பதில்: அந்த 78-ஐ இப்போது தொடவே வேண்டாம். உங்கள் நேரம் வேறு இடத்தில் போகிறது.

போனை நிறுத்திவைத்து, நீங்கள் கியூப் போடுவதை வீடியோ எடுங்கள். அதை ஓடவிட்டு, விரல்கள் அசையாமல் நிற்கும் விநாடிகளை மட்டும் எண்ணுங்கள். என்னிடம் கற்க வந்த ஒரு பையனுக்கு மொத்தம் 70 விநாடி. அதில் கை ஓடியது அரை நிமிடம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் அடுத்த துண்டு எங்கே என்று கியூபைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தான். உங்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான் இருக்கும். இந்தத் தேடலைக் குறைத்தாலே பாதி வழி வந்துவிடலாம்.

வேகமாகப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது, கியூப் வீராங்கனை ஜெசிகா ஃப்ரிட்ரிச் பரவலாக்கிய சி.எஃப்.ஓ.பி. முறை. முதலில் கிராஸ் (ஒரு பக்கத்தின் நடுவைச் சுற்றிக் கூட்டல் குறி போல நான்கு ஓரத்துண்டுகள்), அடுத்து கீழ் இரண்டு லேயர்கள், பிறகு மேல் நிறம் (மேல்பக்கம் முழுதும் ஒரே நிறம்), கடைசியாக மேல் துண்டுகளின் இடம். மொத்தம் சுமார் 60 திருப்பல். விநாடிக்கு மூன்று என்று நிற்காமல் திருப்பினாலே 20 விநாடிதான் ஆகும். அந்த வேகம் இப்போதே உங்கள் கையில் இருக்கும், நிற்காமல் திருப்புவதுதான் இல்லை.

கிராஸை இனி அடிப்பக்கத்திலேயே போடுங்கள். மேலே போட்டுவிட்டுக் கவிழ்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். போட்டியில் டைமர் ஓடும் முன் கியூபைப் பார்க்க 15 விநாடி தருவார்கள். எப்படிக் கலைத்திருந்தாலும் கிராஸுக்கு 8 திருப்பலுக்கு மேல் தேவைப்படாது. அந்த 15 விநாடியில் முதலில் இரண்டு துண்டின் பாதையை மட்டும் யோசித்து, கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பாருங்கள். பழகியபின் மூன்று, அப்புறம் நான்கு.

அடுத்தது கீழ் இரண்டு லேயர், எஃப்-டூ-எல் என்பார்கள். உங்கள் நேரம் அதிகம் குறையப்போவது இங்கேதான். இப்போது கார்னரை (மூலைத்துண்டை) தனியாக வைக்கிறீர்கள், பிறகு எட்ஜை (ஓரத்துண்டை) தனியாக இறக்குகிறீர்கள். எட்ஜை வலப்பக்கம் இறக்கும் அந்த எட்டுத் திருப்பலை (யூ, ஆர், யூ பிரைம், ஆர் பிரைம், யூ பிரைம், எஃப் பிரைம், யூ, எஃப்; யூ என்றால் மேல்பக்கம், ஆர் வலப்பக்கம், எஃப் முன்பக்கம், பிரைம் என்றால் எதிர்த்திசை) எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது திருப்பலோடு நிறுத்திவிட்டு உற்றுப் பாருங்கள். ஏற்கெனவே வைத்த கார்னர் வெளியே வந்து, எட்ஜோடு ஒட்டிக்கொண்டு மேல் லேயரில் நிற்கும். மீதி நாலு திருப்பல் அந்த ஜோடியை அப்படியே உள்ளே இறக்குகிறது. அதாவது, வைத்த கார்னரை எடுத்து மறுபடி வைப்பதுதான் நீங்கள் இத்தனை நாள் செய்த வேலை. மேலேயே இரண்டையும் ஜோடி சேர்த்துவிட்டால் முதலில் கார்னரை வைக்கும் வேலையே மிச்சம்! சேர்ந்து நிற்கும் ஜோடியை இறக்க மூன்று, நான்கு திருப்பல் போதும்.

இதில் 41 நிலைகள் உண்டு. பட்டியலை வைத்து உருப்போடாதீர்கள். கியூபைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஜோடி எப்படிச் சேர்கிறது என்று நிதானமாகக் கண்டுபிடியுங்கள். தானாகப் புரிந்தது மறக்காது. பிறகு சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப்பை விநாடிக்கு ஒரு தட்டு என்று வைத்து, தட்டுக்கு ஒரு திருப்பல் மட்டும் செய்யுங்கள். ஒரு ஜோடியைக் கை இறக்கும்போதே கண் அடுத்த ஜோடியைத் தேட வேண்டும். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் விடாதீர்கள். தேடி நிற்கும் பழக்கத்தைப் போக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இப்போது அந்த 78. மேல் நிறத்துக்கு 57, இடத்துக்கு 21, அதுதான் கணக்கு. ஒவ்வொன்றையும் இரண்டு படியாகப் பிரித்தால் 10, 6 என்று 16-லேயே முடிந்துவிடும். அதிலும் சில, லேயர் முறையிலேயே உங்களுக்குப் பழகியவை. 30 விநாடிக்குள் வர இந்தப் பதினாறு தாராளம். அதன் பிறகு 21-ஐ முழுதாகப் படியுங்கள், 57 பொறுத்திருக்கட்டும்.

விரல் விஷயம்: மேல் லேயரை மணிக்கட்டால் திருப்பாமல் வலது ஆள்காட்டி விரலால் தட்டுங்கள். எதிர்ப்பக்கம் திருப்ப இடது ஆள்காட்டி.

கியூபைப் பொறுத்தவரை, 1982-இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் என்பவர் 22.95 விநாடியில் வென்றார். அன்று காந்தம் வைத்த கியூபே கிடையாது. உங்களுடையது சிக்கி நின்றால் மட்டும், காந்தம் உள்ள சாதாரண விலை கியூப் ஒன்று வாங்குங்கள். இறுக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும். இதற்கென்றே விற்கும் சிலிகான் மசகு (லூப்) இரண்டு சொட்டு போதும்.

புது முறைக்கு மாறிய முதல் இரண்டு வாரம் நேரம் 1:20-லிருந்து இரண்டு நிமிடம்வரைகூட ஏறலாம். பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள். அதுவரை டைமரே வேண்டாம். பிறகு ஐந்து முறை போட்டு, மிகக் குறைந்த நேரத்தையும் மிக அதிகமான நேரத்தையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றின் சராசரியை எழுதிவையுங்கள். போட்டியிலும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.