"பத்து வருடம் இருந்தால் கிரீன் கார்டு" என்கிறார் ஏஜென்ட், நம்பலாமா?

கேள்வி: ஊரில் வாங்கிய கடனை அடைக்கத் தம்பி சுற்றுலா விசாவில் அமெரிக்கா போனான். கடன் அடைந்தது, அவன் திரும்பவில்லை. அடுத்த ஆண்டோடு பத்து வருடம். "பத்து முடிந்தால் கிரீன் கார்டு" என்று ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார், வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார். அதற்குள் அம்மாவைப் பார்க்க அவன் ஒருமுறை வந்து போகலாமா?

பதில்: வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். இதை முதலில் தம்பிக்குப் போன் செய்து சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

பத்து வருடக் கிரீன் கார்டு என்று ஒரு விண்ணப்பமே கிடையாது. நாடு கடத்தும் வழக்கில் மாட்டியவர் நீதிபதியிடம் கேட்கக்கூடிய ஒரு சலுகை உண்டு, அதைத்தான் இப்படித் திரித்துச் சொல்கிறார்கள். அதற்கும் பத்து வருடம் மட்டும் போதாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள மனைவி, பிள்ளை, பெற்றோர் இவர்களில் யாருக்காவது அசாதாரணமான துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். ஊரில் இருக்கும் அம்மா இந்தக் கணக்கில் வரமாட்டார். அத்தனையும் இருந்தாலும், நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 4,000 பேருக்குத்தான்.

ஏஜென்ட் பெரும்பாலும் செய்வது இதுதான்: சொந்த ஊருக்குத் திரும்பினால் ஆபத்து, இங்கேயே அடைக்கலம் வேண்டும் என்று தம்பி பெயரில் ஒரு பொய் அடைக்கல மனுவைப் போடுவார். மனு நிலுவையில் இருக்கும்போது வேலை அனுமதி அட்டை வரும், அதைக் காட்டி மீதிப் பணத்தையும் வாங்கிக்கொள்வார். மனு தோற்றதும் கோப்பு நாடு கடத்தும் நீதிமன்றத்துக்குப் போய்விடும். என்னிடம் ஒருவர் அப்படியொரு அட்டையோடு வந்தார். அதில் "வகை" என்ற இடத்தில் சி08 என்று அச்சாகியிருந்தது. அடைக்கல மனு போட்டவருக்கான குறியீடு அது. தான் அடைக்கலம் கேட்டிருப்பதே அவருக்குத் தெரியாது! தெரிந்தே பொய் மனு போட்டதாகத் தீர்ப்பானால், குடியேற்றச் சலுகைகளுக்கு ஆயுள் தடை.

அம்மாவைப் பார்க்க வருவது பற்றி. அனுமதித்த தேதிக்கு மேல் ஒரு வருடம் தங்கியவர் வெளியேறினால் 10 ஆண்டுகள் திரும்ப முடியாது. அந்தத் தேதி விசாவில் இருப்பதல்ல, நாட்டுக்குள் நுழையும்போது போடப்படும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருப்பது. வந்தால் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்துதான் அவன் வரவேண்டும். மனதுக்குக் கஷ்டமான பதில்தான்.

ஒரே ஒரு வழியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தம்பி விமான நிலையத்தில் முத்திரை வாங்கி முறையாக நுழைந்தவர். அமெரிக்கக் குடிமகளை உண்மையாகவே மணந்திருந்தால், கூடுதலாகத் தங்கியதும் அனுமதியின்றி வேலை பார்த்ததும் கிரீன் கார்டுக்குத் தடையில்லை, அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். குடிமகள் என்றால் குடியுரிமை பெற்றவர், கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் அல்ல. காகிதத்துக்காகச் செய்யும் கல்யாணம் நேர்காணலில் நிற்காது. எல்லை தாண்டி ஒளிந்து வந்தவருக்கும் இது பொருந்தாது. நுழைவு முத்திரை உள்ள பழைய பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், கிரீன் கார்டு கைக்கு வரும்வரை விமானமும் ஏற வேண்டாம்.

நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கென்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1972 ஜனவரி 1க்கு முன் வந்தவர்களுக்கு மட்டும்! அந்தத் தேதியைக் கடைசியாக மாற்றியது 1986இல். அதற்குப் பிறகு எத்தனை நாடாளுமன்றம் வந்து போயிற்று, யாரும் தொடவில்லை. ஏஜென்ட்டுகளுக்குப் பிழைப்புக் கொடுப்பதே இந்த அலட்சியம்தான்.

சரி, இப்போது செய்யவேண்டியது: ஏஜென்ட் ஏற்கனவே ஏதாவது தாக்கல் செய்துவிட்டாரா என்று பார்க்க, குடியேற்றத் துறையிடம் தம்பி தன் கோப்பின் நகலைக் கேட்கட்டும். அதை அமெரிக்க மாநில உரிமம் உள்ள ஒரு வழக்கறிஞரிடம் காட்டட்டும்.