எந்தத் திறனோடு எந்தத் திறன்? விளம்பரங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள்

டேட்டா அனலிஸ்ட் (தரவு ஆய்வாளர்) வேலைக்கு, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் மட்டும் போதுமா, கூடவே நிரலாக்க மொழியான ஜாவாவும் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ சொல்வதை நம்பிப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், உங்களுக்குப் பிடித்த வேலைக்கான 50 விளம்பரங்களைத் திரட்டுங்கள். ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரி. கேட்கப்பட்ட திறன்களை ஒரே செல்லில் கமா போட்டு எழுதுங்கள். எந்த இரண்டு திறன்கள் சேர்ந்து வருகின்றன என்று எண்ணினால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அப்படி எண்ணுவதே இந்த வேலைக்கு நல்ல பயிற்சி.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். இந்த நான்கு வரிகளைப் பாருங்கள்:

1. ஜாவா, எஸ்க்யூஎல்
2. ஜாவாஸ்கிரிப்ட், எஸ்க்யூஎல்
3. எஸ்க்யூஎல், ஜாவா
4. ஜாவா,எஸ்க்யூஎல், ஜாவா

ஜாவாவும் எஸ்க்யூஎல்லும் சேர்ந்து வருவது எத்தனை வரிகளில்? கண்ணால் பார்த்தாலே 3. ஆனால் எக்செலில், ஒரே மதிப்புகளைத் தொகுத்து எண்ணும் பிவட் டேபிள் போட்டால் நான்கும் நான்கு தனி மதிப்புகளாக, ஒவ்வொன்றுக்கும் 1 என்று வரும். அதற்கு முழு செல்லும் ஒரே சொல்தான். நிபந்தனைகளுக்குப் பொருந்தும் செல்களை எண்ணும் கவுன்ட்இஃப்ஸில், ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி (அங்கே எது இருந்தாலும் சரி என்று பொருள்) போட்டுத் தேடினால் விடை 4. ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஜாவா ஒளிந்திருப்பதால் இரண்டாம் வரியும் சேர்ந்துவிடுகிறது.

எக்செலில் இதைச் சரிசெய்ய ஒரு துணை நெடுவரிசை போதும். முதலில், ஒன்றுக்குப் பதில் வேறொன்றைப் போடும் சப்ஸ்டிட்யூட் கொண்டு, கமாவும் அதையடுத்த இடைவெளியும் சேர்ந்து வருவதை வெறும் கமாவாக்குங்கள். எல்லா இடைவெளிகளையும் நீக்கிவிடாதீர்கள். 'பவர் பிஐ' போன்ற இரு சொல் பெயர்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு செல்லின் தலையிலும் வாலிலும் ஒரு கமா சேருங்கள். இப்போது வெறும் 'ஜாவா'வைத் தேடாமல், முன்னும் பின்னும் கமா உள்ள ஜாவாவைத் தேடுங்கள். விடை 3. இணையத்திலிருந்து நகலெடுத்த பட்டியலில் இது பொய்த்தால், சாதாரண இடைவெளி போலவே தெரியும் உடையா இடைவெளி, அதாவது குறியெண் 160, இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் அதைத் தொடாது.

ஒரு ஜோடிக்கு இது போதும். எல்லா ஜோடிகளும் வேண்டுமென்றால் கட்டுப்படியாகாது: 10 திறன்களுக்கு 45 ஜோடிகள், 20 திறன்களுக்கு 190. அங்கேதான் தரவைச் சுத்தம் செய்து மாற்றியமைக்கும் பவர் கொயரி கைகொடுக்கும். எக்செல் 2016 முதல் டேட்டா தாவலிலேயே இருக்கிறது.

முதலில் ஒவ்வொரு வரிக்கும் எண் தரும் இண்டெக்ஸ் நெடுவரிசை சேருங்கள். இதை விட்டுவிட்டால், பிரித்த பிறகு எந்தத் திறன் எந்த விளம்பரத்துடையது என்று தெரியாது. அடுத்து, திறன் நெடுவரிசையைக் கமாவால் பிரியுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'ரோஸ்' (வரிகள்) என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வரிக்கு ஒரு திறன் வரும். ட்ரிம் செய்து, எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்குங்கள். கவுன்ட்இஃப்ஸ் ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு பார்க்காது. பவர் கொயரி பார்க்கும். பிறகு இண்டெக்ஸும் திறனும் சேர்ந்து ஒன்றாக இருக்கும் மறுபதிவுகளை நீக்குங்கள். பலர் மறப்பது இந்தப் படியைத்தான். நான்காம் வரியில் ஜாவா இருமுறை இருப்பதால், நீக்காவிட்டால் விடை மறுபடியும் 4 ஆகும். வேறு தவறு, அதே எண். அதனால்தான் இது ஆபத்தானது.

இனி அந்த அட்டவணையை அதனுடனேயே இண்டெக்ஸ் வழியாக மெர்ஜ் செய்யுங்கள், அதாவது ஒரே இண்டெக்ஸ் உள்ள திறன்களை ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். முதல் திறன் அகரவரிசையில் இரண்டாவதற்கு முன்னால் வரும் வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வடிகட்டி இல்லாவிட்டால் ஒவ்வொரு ஜோடியும் இருமுறை எண்ணப்படும். ஒவ்வொரு திறனும் தன்னோடு தானே ஜோடி சேரும். கடைசியில் குரூப் பை கொண்டு ஒவ்வொரு ஜோடியும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

எஸ்க்யூஎல்லிலும் இதே தர்க்கம்தான். மைக்ரோசாப்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில், 2016 பதிப்பு முதல், பட்டியலைப் பிரிக்கும் ஸ்ட்ரிங் ஸ்ப்ளிட் இருக்கிறது. பைத்தான் மொழியில், தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தின் கெட் டம்மீஸ், திறன் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று ஓர் அட்டவணை தரும். அதன் வரிகளை நெடுவரிசைகளாகத் திருப்பிப்போட்டு, மூல அட்டவணையோடு அணிகளாகப் பெருக்கினால் எல்லா ஜோடிகளின் எண்ணிக்கையும் ஒரே அடியில் வரும். மூலைவிட்டத்தில் தனித்தனித் திறன்களின் எண்ணிக்கை இருக்கும். ஆனால் கமாவுக்குப் பின்னுள்ள இடைவெளியை கெட் டம்மீஸ் நீக்காது, முன்பே நீக்கிவிடுங்கள்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மறுபதிவு நீக்கிய பின் ஒரு வரியில் n திறன்கள் இருந்தால் அதில் n(n-1)/2 ஜோடிகள். எல்லா வரிகளுக்கும் கூட்டிய தொகையும், ஜோடி எண்ணிக்கைகளின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே உள்ள நான்கு வரிகளில் இரண்டும் 4: ஜாவா ஜோடி 3, ஜாவாஸ்கிரிப்ட் ஜோடி 1.

நேர்முகத் தேர்வில் இந்தக் கணக்கு வந்தால் உடனே விசைப்பலகையில் கை வைக்காதீர்கள். அந்த இரண்டு திறன்கள் மட்டும் உள்ள வரிகளா, வேறு திறன்களோடு சேர்ந்து வந்தாலும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் விடை வேறாகலாம். கேள்வி கேட்பது தெரியாமையைக் காட்டிவிடும் என்று பயப்பட வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த பிறகும் கேட்கப்போவது இதைத்தான்.