மங்கலாகத் தெரிவது உங்கள் பிரதியின் குறை இல்லை

'28 டேஸ் லேட்டர்' என்ற ஆங்கிலத் திகில் படம் மங்கலாக இருக்கிறது, ஜாம்பியும் (செத்து எழுந்து வரும் பிணம்) அதிகம் வரவில்லை, அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள்.

படத்தின் பெரும்பகுதியை இயக்குநர் டேனி பாயில் சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராவில்தான் எடுத்தார், அதனால்தான் அந்த மங்கல். ஆளே இல்லாத லண்டன் காட்சி அதனால்தான் சாத்தியமானது. விடியற்காலையில் சில நிமிடங்கள் மட்டும் போக்குவரத்தை நிறுத்தி, சின்ன கேமராக்கள் பலவற்றை வைத்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் படம்பிடித்தார்கள். கதாநாயகன் ஜிம் அங்கே தனியாக நடக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம், இந்தப் படத்தில் துரத்தி வருகிறவர்கள் செத்து எழுந்த ஜாம்பிகளே இல்லை. வெறிக் கிருமி தொற்றிய உயிருள்ள மனிதர்கள். தொற்றினால் பத்திருபது வினாடிதான், வெறி பிடித்துவிடும். பக்கத்தில் நிற்கும் நண்பனை அதற்குள் என்ன செய்வது? ஜிம்முடன் தப்பி வரும் செலீனா அந்த முடிவை எடுக்கும் இடம், நீங்கள் நிறுத்திய இடத்தை ஒட்டித்தான் வருகிறது. அதைத் தாண்டிவிட்டால் படம் உங்களை விடாது.

எனக்குப் பிடித்தது சூப்பர் மார்க்கெட் காட்சி. உலகமே முடிந்துவிட்டது, ஜிம், செலீனா, அவர்களோடு சேர்ந்துகொண்ட ஃபிராங்க், அவர் மகள் என நால்வரும் வண்டி நிறையப் பொருள் எடுக்கிறார்கள். கிளம்பும்போது ஃபிராங்க் தன் கிரெடிட் கார்டைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போகிறார். பயத்துக்கு நடுவே இப்படிப்பட்ட மனிதர்களைக் காட்டுவதால்தான் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

போனில் வேண்டாம். ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு, டிவியில் பாருங்கள். ஜான் மர்ஃபியின் இசைக்குச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.