கருந்துளை படிக்கணும் என்கிற மகளும், லேத் பட்டறை அப்பாவின் கவலையும்

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் தகப்பனாருக்கு வணக்கமுங்க. பிளஸ் ஒன் படிக்கும் மகள் "ரெண்டு கருந்துளை கிட்ட கிட்ட வந்தா என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்ணப் போறேன்" என்கிறாள், அது சோறு போடுமா, பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. ஆனால் அந்தப் படிப்பு என்னவென்று தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுங்கள்.

கருந்துளை என்பது ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு, மிகச் சிறிய இடத்தில் பெரும் நிறை அடங்கிய பொருள். கண்டதையெல்லாம் இழுத்து விழுங்கும் குழி என்று நினைக்க வேண்டாம். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும். சூரியனின் நிறை இருந்தால் கருந்துளையின் ஆரம் சுமார் 3 கி.மீ. தான். 30 மடங்கு இருந்தால் 90 கி.மீ., கோவைக்கும் ஈரோட்டுக்கும் நேர்கோட்டில் இருக்கும் தூரம். இப்படி இரண்டு ஒன்றையொன்று சுற்றும்போது ஈர்ப்பு அலைகளாக, அதாவது வெளியையே நீட்டிச் சுருக்கியபடி பரவும் அலைகளாக, ஆற்றல் வெளியேறும். ஆற்றல் போகப் போகச் சுற்றுப்பாதை சுருங்கும், வேகம் கூடும், வேகம் கூடினால் ஆற்றல் இன்னும் அதிகமாக வெளியேறும்.

2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பு அலைகளைப் பிடிக்க அமெரிக்காவில் அமைத்துள்ள இரண்டு லைகோ கருவிகளிலும் பதிவானது இந்தச் சுழற்சியின் கடைசி 0.2 நொடி. சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள், 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் சேர்ந்து 62 மடங்கு நிறையுள்ள ஒன்றாயின. கணக்கில் குறைகிற 3 சூரிய நிறையும் அலையாகவே போய்விட்டது. ஒன்று இன்னொன்றை விழுங்கியது என்று சொல்வது சரியில்லை. இரண்டின் விளிம்புகளும் ஒன்றாகி, கோணல்மாணலான உருவமாகி, அடித்த மணி ஓய்வதுபோல் சில மில்லிநொடிகள் அதிர்ந்து அடங்கின. இந்த அடங்கும் அதிர்வைப் பெங்களூருவில் பிறந்த சி.வி. விஸ்வேஸ்வரா 1970-லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

மகளுக்கு இருப்பது வீடியோ பார்த்து வந்த ஆசையா, நிலைக்கக்கூடிய ஈடுபாடா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு நோட்டும் பேனாவும் போதும். கருந்துளைகளுக்கு இடையிலுள்ள தூரம் குறையும் வீதம், அந்தத் தூரத்தின் மும்மடிக்கு (தூரம் × தூரம் × தூரம்) எதிர்விகிதத்தில் இருக்கும். இதை அவளிடம் சொல்லி, இணைய எவ்வளவு காலம் ஆகும் என்று கேளுங்கள். பிளஸ் டூ கணக்கில் வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் வரும் 'மாறிகளைப் பிரித்துத் தொகையிடும்' முறையே போதும். மிச்சமிருக்கும் காலம் தூரத்தின் நான்மடியைப் பொறுத்தது என்று விடை வரும். இன்றைக்கு 16 கோடி ஆண்டு பாக்கி இருக்கிறது என்றால், தூரம் பாதியானதும் பாக்கி 1 கோடி ஆண்டுதான். இன்னும் பாதியானால் 6 லட்சத்து 25 ஆயிரம் ஆண்டு. இந்த விடையைக் கண்டதும் அடுத்த கேள்வி கேட்கிற பிள்ளையை நம்பி அனுப்பலாம். படம் மட்டும் போதும், கணக்கு வேண்டாம் என்றால் இந்தத் துறை வேண்டாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

இரண்டாவது சோதனை கணினியில். லைகோவின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பதிவின் 32 நொடிக் கோப்பை எடுத்து, பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் போடட்டும். அப்படியே போட்டால் கருந்துளை தெரியவே தெரியாது. தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். முதலில் இரைச்சலை எல்லா அதிர்வெண்ணிலும் சமமாக்க வேண்டும், பிறகு 35 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மற்றதை வடிகட்ட வேண்டும். அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தனியாக நிற்கும், அதையும் நீக்க வேண்டும். 0.2 நொடியை மட்டும் வெட்டி எடுத்து வடிகட்டினால் ஓரங்களில் பொய் அலை எழும். நீளமான பதிவை வடிகட்டிய பிறகே வெட்ட வேண்டும். கடைசியாக, அலை ஒரு கருவியை மற்றதைவிட 7 மில்லிநொடி முந்தி எட்டியது, இரண்டு கருவிகளும் வேறு வேறு திசை பார்த்து நிற்பவை. அதனால் ஒன்றின் வரைபடத்தை நகர்த்தி, தலைகீழாக்கினால்தான் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். அந்தப் பொருத்தத்தை அவளே கொண்டுவந்துவிட்டால், பல கல்லூரி மாணவர்கள் தொடாத வேலையை முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

இனி வழி. பிளஸ் டூ முடித்ததும் ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு: உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்வி, மூன்று மணி நேரம், தவறுக்கு ஒரு மதிப்பெண் குறையும். கம்ப்யூட்டர் குரூப் பிள்ளைகள் உயிரியலில் அப்படியே 60 மதிப்பெண்ணை விட்டுவிடுவார்கள். பிளஸ் ஒன் உயிரியல் புத்தகத்தை வாரம் இரண்டு மணி நேரம் படித்தாலே அதில் பாதியையாவது மீட்கலாம். அதேபோன்ற மத்திய நிறுவனமான புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட் நுழைவுத் தேர்வும் எழுதட்டும். ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங்கை வானியல் என்று நினைத்துச் சேர்த்துவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. அது விமானமும் ராக்கெட்டும் செய்யும் படிப்பு.

இடம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. கோவை அரசு கலைக் கல்லூரியிலோ பக்கத்தில் வேறு நல்ல கல்லூரியிலோ பி.எஸ்சி. இயற்பியல் படித்து, ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். ஆனால் செமஸ்டர் தேர்வுக்கு நிரூபணத்தை மனப்பாடம் செய்து பழகியவர்கள், எண்ணில் விடை கேட்கும் ஜாமில் தடுமாறுகிறார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்தே தினம் ஐந்து கணக்கு போட வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளையானால் பாடநூலின் இரண்டு மொழிப் பதிப்பையும் அருகருகே வைத்துப் படிப்பது நல்லது.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறோம். ஐந்தாண்டுக்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, அதற்கு மேல் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தர வேலை அமைய 33, 34 வயதாகலாம். ஆனால் முனைவர் படிப்பில் நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு மாணவர் உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. நடுவில் வெளியே வந்தாலும், இரைச்சலிலிருந்து சிக்னலைப் பிரிக்கக் கற்றவளுக்கு டேட்டா, மருத்துவக் கருவி, தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வேலைக்கு வாய்ப்பு உண்டு.

உங்கள் தொழிலும் இதற்கு அந்நியமில்லை. மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. பார்த்துக் கடைகிறீர்கள் அல்லவா? லைகோவின் 4 கி.மீ. குழாய்கள் 3 மி.மீ. எஸ்.எஸ். தகட்டைச் சுருளாக வெல்டு வைத்துச் செய்தவை. உள்ளே காற்றே இருக்கக் கூடாது, ஒரு ஊசிமுனைக் கசிவும் ஆகாது. முனையில் 40 கிலோ கண்ணாடியை 0.4 மி.மீ. கண்ணாடி இழைகள் தாங்குகின்றன. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதே கருவி அமைக்க 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. வெற்றிடம், லேசர், கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் இல்லாமல் அது நடக்காது. மகளுக்குக் கணக்கைவிடக் கருவி பிடித்தால் மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரானிக்ஸ் வழியிலும் இங்கே வந்து சேரலாம்.

ஒரே ஒரு காகித வேலை உங்களுடையது. மாநில சாதிச் சான்றிதழ் இந்தத் தேர்வுகளுக்குப் போதாது. நீங்கள் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் வந்தால், மத்திய அரசு படிவத்தில் நான்-கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் இல்லை என்று காட்டும்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அறிவிப்பில் கேட்கும் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பிளஸ் டூ பரீட்சை நெருங்கும்போது அலையாமல், இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.