முற்றத்து வண்டுக்கு அப்பத்தா பெயர் வைக்கலாமா?

கேள்வி: மழை விட்ட ராத்திரிகளில் எங்கள் வளவு டியூப்லைட்டைச் சுற்றி எறும்பு போல ஒரு பூச்சி, ஆரஞ்சும் கறுப்புமாக, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. புது இனமென்றால் எங்கள் அப்பத்தா பெயரை வைக்கலாமா? – ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக வைக்கலாம், விதியில் தடையில்லை. (உங்கள் பெயரையே வைத்துக்கொண்டால்தான் சிரிப்பார்கள்.) ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது அநேகமாக பீடரஸ் வகை ரோவ் வண்டு. வயலில் பயிர்ப்பூச்சிகளைத் தின்னும் நல்ல பிராணிதான், ஆனாலும் கையால் நசுக்கிவிடாதீர்கள், உடம்புக்குள் இருக்கும் பெடரின் என்ற நச்சு பட்டால் ஓரிரு நாளில் தோல் வெந்து கொப்பளிக்கும். ஊதித் தள்ளுங்கள், பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

சரி, புது இனம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? ரோவ் வண்டுகளில் மட்டும் 60,000-க்கு மேல் இனங்கள், நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. குட்டையான முன்சிறகும், அதற்கடியில் மடித்து மடித்துச் செருகி வைத்த பறக்கும் சிறகும் இவற்றில் பெரும்பாலும் பொது, அதை வைத்தும் சொல்ல முடியாது. ஆண் வண்டின் வயிற்று நுனியைத் திறந்து இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் அதன் வளைவையும் முனையையும் பார்த்து வரைவார்கள், பல இனங்களுக்கு வித்தியாசமே அங்கேதான் தெரியும். அப்புறம் அருங்காட்சியகங்களில் உள்ள பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு வண்டை 'ஹோலோடைப்' (அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) என்று குறித்துப் பாதுகாப்பில் வைத்து, விவரத்தை ஆய்விதழில் வெளியிட வேண்டும். போன் போட்டோ போதாது.