ஓடாத காருக்கும் எண்ணெய் மாற்ற வேண்டுமா? வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில், எஞ்சின் எண்ணெய் தொடர்பானவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி. கோயில், சந்தை, கிளினிக் தவிர வேறெங்கும் போகாத என் மைவி கார், ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. ஆறு மாதம் ஆனதும் எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள். பாதிகூட உழைக்காத எண்ணெயைக் கொட்டுவது நியாயமா, ஐயா?

பதில்: நியாயம்தான். இன்னும் சொன்னால், நாள்தோறும் ஈப்போவுக்குப் போய் வரும் காரைவிட உங்கள் காரில்தான் எண்ணெய் விரைவில் கெடுகிறது. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது; அதில் ஒரு பகுதி, எரியாத பெட்ரோலோடு சேர்ந்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அதற்கு வாய்ப்பில்லை. மைவியின் நீல விளக்கு அணைந்ததுமே எஞ்சின் சூடாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த விளக்கு குளிர்நீரின் வெப்பத்தைக் காட்டுவதே தவிர எண்ணெயின் வெப்பத்தை அல்ல. எண்ணெய் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். தங்கிவிட்ட ஈரம் எரிந்த வாயுக்களோடு சேர்ந்து அமிலமாக மாற, அந்த அமிலத்தை முறிப்பதற்காக எண்ணெயில் கலந்துள்ள வேதிப்பொருள்கள், கார் வெகுதூரம் ஓடாமலே தீர்ந்துபோகின்றன. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாலாடை போன்ற வெளிர் பழுப்புப் பசை படிந்திருந்தால், நான் சொல்வது உங்கள் காரிலேயே நடக்கிறது என்று பொருள். பசை நிறையச் சேர்ந்து குளிர்நீரின் அளவும் குறைந்து வந்தால் அது வேறு கோளாறு, உடனே பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கையேட்டில் கிலோமீட்டர், மாதம் என இரண்டையும் எழுதி, எது முதலில் வருகிறதோ அதன்படி மாற்றச் சொல்வது இதனால்தான். உத்தரவாதக் காலம் முடியும்வரை அந்தக் கணக்கை மீறாதீர்கள். அதற்குப் பிறகு, வாரம் ஒரு முறை ஈப்போ வரை நிதானமாக ஓட்டி வரும் பழக்கம் இருந்தால் சற்றுத் தள்ளிப் போடலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாற்றாமல் இருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: ஈப்போவில் வேலை. மாதம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலையில், டர்போ எஞ்சின் கொண்ட காரை ஓட்டுகிறேன். முழுச் செயற்கை எண்ணெய்ப் புட்டியில் 15,000 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: எண்ணெய் தாங்கலாம், உங்கள் எஞ்சின் அதைத் தாங்கவிடுமா என்பதைப் புட்டி சொல்லாது. உங்கள் ஓட்டம் எண்ணெய்க்கு உகந்தது என்பது உண்மை. ஆயினும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சுழல்தண்டு கடும் வெப்பத்தில் இதே எண்ணெயை நம்பித்தான் சுழல்கிறது. எனவே கையேட்டில் 10,000 என்றிருந்தால் 10,000 கிலோமீட்டரிலேயே, வடிகட்டியோடு சேர்த்து மாற்றுங்கள். உங்கள் கணக்கில் அது ஏழு மாதத்திற்குள் வந்துவிடும். மாதக் கெடு அதற்கு முன்பே வந்தால் அதுவே கணக்கு. புட்டியில் பார்க்க வேண்டியது வேறொன்று: கையேடு குறிப்பிடும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற பாகுத்தன்மை எண்ணும், ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரக் குறியீடும். 2020இல் வந்த எஸ்பி தரம், சிறிய டர்போ எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாற்றையும் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டது.

கேள்வி: செம்பனைக் குத்தகை எடுத்து ஹைலக்ஸ் டீசல் வண்டி வைத்திருக்கிறேன். எண்ணெய் மாற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிடுகிறது. போலி எண்ணெயா?

பதில்: நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. டீசல் எஞ்சினில் கரி உண்டாகும். அதைப் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைப்பது எண்ணெயின் வேலை, ஆகவே கறுப்பது அது வேலை செய்வதன் அறிகுறி. நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு. குலைகளை ஏற்றும்வரை எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைக்கிறீர்கள் அல்லவா? அப்படி ஒரு மணி நேரம் ஓடுவதை 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஈடாகக் கொள்வது வாகனத் தொழிலில் வழக்கம். மீட்டரில் அது ஏறாது. செம்மண் பாதையின் புழுதியோ, காற்று வடிகட்டி பழுதானால் நேரே எண்ணெயில் கலந்து உலோகத்தை அரிக்கும். மூன்றாவது, நம் மலேசிய நாட்டு டீசலில் 2019 முதல் பத்து விழுக்காடு பாமாயில் சார்ந்த எரிபொருள் கலக்கப்படுகிறது. அது எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டால் சாதாரண டீசலைப் போல எளிதில் ஆவியாகாது. (நீங்கள் வெட்டும் குலையே உங்கள் எஞ்சினுக்குள் திரும்பி வருகிறது என்றும் கொள்ளலாம்.) அளவுக்கோலில் எண்ணெய் மட்டம் ஏறிக் காணப்பட்டால் எரிபொருள் கலந்திருக்கிறது என்று கொண்டு உடனே சோதியுங்கள். கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கென்று தரப்படும் குறுகிய கணக்கே உங்களுக்குப் பொருந்தும். அது இல்லையெனில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: பழைய சாகா கார், அடிக்கடி எண்ணெய் குறைகிறது, ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். தனியாக மாற்றவும் வேண்டுமா?

பதில்: வேண்டும். புதிதாக ஊற்றுவது மட்டத்தை மட்டுமே சரிசெய்யும். கசடும் அமிலமும் உள்ளேயே இருக்கும், வடிகட்டியும் பழையதுதான். விலை மலிவான கனிம எண்ணெய் போதும், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மாற்றுகிறேன். கழிவு எண்ணெயை வேலிக் கட்டைகளுக்குக் கரையான் வராமல் பூசலாமா?

பதில்: தோட்டத்தில் பழைய வழக்கம்தான், ஆனால் கூடாது. மழையில் அது மண்ணுக்கும், அல்லூருக்கும் (வடிகாலுக்கும்), அங்கிருந்து ஆற்றுக்கும் போய்ச் சேரும். 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிமுறைகளில் பழைய மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற வகையில் இடம்பெற்றுள்ளது. புதிய எண்ணெய் வந்த புட்டியிலேயே நிரப்பி, உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் பட்டறை எது என்று கேட்டு அங்கே ஒப்படையுங்கள்.