ஊசி இல்லாமல் கிழித்த கோடுகள்

கேள்வி: இன்டர்நெட் கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை முடி மாதிரிதான் இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கில் கோடு போடுகிறார்களாமே, எந்த ஊசியால்? (வாசகர், தேனி)

ஊசியே கிடையாது, வெளிச்சம்தான். இழையின் குறுக்களவு 125 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), ஒளி ஓடுவதோ நடுவிலுள்ள 8, 9 மைக்ரான் உள்ளகத்தில். கோடு விழவேண்டியதும் அங்கேதான், அதுவும் அரை மைக்ரானுக்கு ஒன்று வீதம். கீறப் போனால் இழை முறிந்துவிடும். நல்லவேளையாக உள்ளகத்தில் ஜெர்மானியம் கலந்திருக்கிறது, புற ஊதா ஒளி பட்ட இடத்தில் ஒளிவிலகல் எண் (கண்ணாடி ஒளியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்ற அளவு) ஒரு துளி, பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிடும், அந்தத் துளிதான் கோடு.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தது. 1978இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழுவினர் இழைக்குள் ஆர்கான் லேசரைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். நேரம் ஆக ஆக உள்ளே போக வேண்டிய ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வர ஆரம்பித்தது. போகும் அலையும் முனையில் பட்டுத் திரும்பும் அலையும் மோதி, இழை தனக்குத்தானே கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

இப்போது வேலை சுலபம். மேலுறையை உரித்து, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஒரு கண்ணாடித் தகட்டை இழையை ஒட்டி வைத்து, புற ஊதா லேசரை அடிக்கிறார்கள். தகட்டில் ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றோடொன்று மோத, தகட்டு வரிகளின் பாதி இடைவெளியில் இழைக்குள் கோடு விழும். ஒரு சென்டிமீட்டரில் சுமார் 18,000 கோடுகள்!

கேள்வி: சரி, இவ்வளவு மெனக்கெட்டு என்ன லாபம்? (அதே வாசகர்)

அத்தனை கோடுகளும் சேர்ந்து ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றதெல்லாம் தன்பாட்டுக்குப் போய்விடும். இழையை இழுத்தாலோ சூடாக்கினாலோ அந்த அலைநீளம் நகரும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.01 நானோமீட்டர். பாலத்தில் ஒட்டிவைத்தால் எங்கே எவ்வளவு இழுபடுகிறது என்று தெரிந்துவிடும், மின்சாரம் எதுவும் இழைக்குள் போகவே வேண்டாம்.

கேள்வி: இதையெல்லாம் வீட்டில் பார்க்க முடியுமா? (வாசகி, காரைக்குடி)

இழைக்குள் இருப்பதைப் பார்க்க முடியாது, அதன் தாத்தாவைப் பார்க்கலாம். பழைய சிடியை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள், 1.6 மைக்ரான் இடைவெளித் தடங்கள் வானவில் காட்டும். இன்னும் பழையது வேண்டுமா? ஃபிலடெல்ஃபியாவில் ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர் பட்டுக் கைக்குட்டை வழியாகத் தெருவிளக்கைப் பார்த்துவிட்டு, இழைகள் ஏன் இப்படித் தடித்துத் தெரிகின்றன, கைக்குட்டையை அசைத்தாலும் அசையவில்லையே என்று டேவிட் ரிட்டன்ஹவுஸுக்கு எழுதிக் கேட்டார். அதுவும் ஒரு வாசகர் கேள்விதான்! ரிட்டன்ஹவுஸ் கடிகாரக்காரர், வானியலாளர். நுண்ணிய திருகுகளின் புரிகளில் தலைமுடிகளை வரிசையாகக் கட்டி 1785இல் ஒரு விளிம்பு விலகல் கீற்றணியே (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நெருக்கமான கோட்டு வரிசை) செய்துவிட்டார், அங்குலத்துக்கு நூறு சொச்சம் முடி. உங்களிடம் மெல்லிய பட்டுத் துணி இருந்தால் இன்றிரவே தூரத்து விளக்கை அதன் வழியாகப் பாருங்கள்.